வேலைக்கு முன் ஓர் ஒத்திகை: சமையற்கலை மாணவர்க்கு மாதிரி நேர்காணல்

கல்விக் கடன் கேட்டு வங்கிக் கிளைகளுக்கு வரும் பெற்றோர் வட்டி விகிதத்தைக் கேட்பார்கள். ஈடு தர வேண்டுமா, எத்தனை ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். எல்லாம் கேட்டு முடித்து நாற்காலியை விட்டு எழும் வேளையில் சற்றுத் தயங்கி இன்னொன்றும் கேட்பார்கள்: "படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்துவிடுமா, சார்?"

கிளை மேலாளரால் உறுதி கூற முடியாத கேள்வி அது. மூன்றாண்டுப் படிப்பும் அதற்கான செலவும் பெற்றோரின் கவலையும் இறுதியில் பதினைந்து நிமிட நேர்காணல் ஒன்றில் வந்து நிற்கின்றன. அந்தப் பதினைந்து நிமிடத்திற்கு மாணவரை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம். விடுதி மேலாண்மையும் சமையற்கலையும் பயிலும் மாணவரையும், அவர்கள் படிக்கவும் வேலை தேடவும் செல்லும் நகரங்களுள் ஒன்றான கொல்கத்தாவையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தாராதலாவுக்குச் செல்லும் தமிழ் மாணவர்

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியில் தாராதலா சாலையில் விடுதி மேலாண்மை நிறுவனம் இயங்குகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள இத்தகைய நிறுவனங்கள் நாட்டின் பல நகரங்களில் உள்ளன. இவ்வகைக் கல்விக்கு 1954 இல் மும்பையில் தொடங்கப்பட்ட நிறுவனமே இந்தியாவில் முன்னோடி. சென்னையில் தரமணியில் உள்ள நிறுவனத்தை நம் வாசகர் பலர் அறிவர். பாடத்திட்டத்தை 1982 இல் அமைக்கப்பட்ட தேசியக் குழுமம் வகுக்கிறது. அனைத்திந்திய நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுவதால், சாத்தூரிலோ தஞ்சாவூரிலோ பள்ளிப் படிப்பை முடித்தவர்க்குத் தாராதலாவில் இடம் கிடைப்பதும் உண்டு.

சமையற்கலை கற்போர்க்குக் கொல்கத்தா ஒரு பெரிய பள்ளிக்கூடம். டேவிட் வில்சன் என்ற ஆங்கிலேயர் 1840 இல் தொடங்கிய விடுதி பின்னாளில் கிரேட் ஈஸ்டர்ன் என்று பெயர் பெற்றது. 2005 இல் அரசிடமிருந்து தனியாருக்கு விற்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, 2013 இல் மீண்டும் திறக்கப்பட்டது. பார்க் தெருவின் ஃப்ளூரிஸ் தேநீரகம் 1927 இல் தொடங்கியது. நியூ மார்க்கெட்டில் நாஹூம் குடும்பத்தாரின் யூத அடுமனை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. டாங்ராவில் சீன வம்சாவளியினரின் உணவகங்கள் உள்ளன. 1856 இல் அரசிழந்து இந்நகருக்கு வந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷாவின் சமையற்காரர்களை முன்னிட்டே கொல்கத்தா பிரியாணியின் கதை சொல்லப்படுகிறது. அதிலுள்ள உருளைக்கிழங்கு இன்றும் நகரின் அடையாளம். அலிப்பூரிலும் கிழக்குப் பெருவழிச்சாலை ஓரத்திலும் புதிய நட்சத்திர விடுதிகள் எழுந்துள்ளன. ராஷ்பிஹாரி சாலையை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதியில் இட்லியும் வடிகாப்பியும் கிடைப்பதை அங்கு வாழும் தமிழர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை அடுப்புகள் எரியும் நகரில் வேலைக்குக் குறைவிருக்காது என்று தோன்றும். வேலை இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இடத்திற்கும் முன்னால் ஒரு மேசை, அதன் பின்னால் இருவரோ மூவரோ அமர்ந்திருக்கிறார்கள்.

மேசைக்கு எதிரே நடப்பது என்ன?

பெரிய விடுதிக் குழுமங்கள் மேலாண்மைப் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் எனப் படிப்படியாகச் சலித்தெடுக்கின்றன. சமையலறைப் பணிக்கு இவற்றோடு 'டிரேட் டெஸ்ட்' எனப்படும் செய்முறைத் தேர்வும் உண்டு. சிறிய உணவகங்களில் முறை எளிது. தலைமைச் செஃப் பத்து நிமிடம் பேசுவார். பிறகு, "வாருங்கள், ஓர் ஆம்லெட் போட்டுக் காட்டுங்கள்" என்று அடுப்பின் அருகே அழைத்துச் செல்வார்.

சமையலறையில் 'கோமி' எனப்படும் முதற்படிப் பணியாளராகவே பலரும் நுழைகிறார்கள். அங்கிருந்து ஒரு பிரிவின் பொறுப்பாளர், துணைச் செஃப், தலைமைச் செஃப் என்று ஏற வேண்டும். முதற்படியில் நிற்பவரிடம் பெரிய விருந்துகளின் திட்டத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. தேர்வாளர் அறிய விரும்புபவை மூன்று: இவர் செய்ததாகச் சொல்வதை உண்மையில் செய்தாரா? சொல்லிக் கொடுத்தால் கற்பாரா? நெருக்கடியான நேரத்தில் ஓடிவிடாமல் நிற்பாரா?

நன்றாகச் சமைக்கும் மாணவர் பலர் இம்மூன்றுக்கும் விடை கூற முடியாமல் திரும்பிவிடுகிறார்கள். கை செய்த வேலையை வாய் சொல்லப் பழகவில்லை என்பதே காரணம். பதற்றமும் சேர்ந்துகொண்டால் தெரிந்ததும் மறந்துபோகும். குடிமைப் பணித் தேர்வின் இறுதிச் சுற்றை எட்டியோர்க்குச் சென்னையில் மாதிரி நேர்காணல் நடத்தப்படுவதை நாளிதழ்களில் படிக்கிறோம். வங்கிப் பணித் தேர்வர்களும் அதனை நாடுகிறார்கள். சமையலறைக்குச் செல்லும் இளைஞர்க்கு அப்பயிற்சி இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏனெனில், அவர் கற்றதிற் பெரும்பகுதி புத்தகத்தில் இல்லை. அவருடைய கையில் இருக்கிறது.

ஒரே கேள்வி, இரண்டு விடைகள்

சாத்தூரிலிருந்து கொல்கத்தா சென்று படிக்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். இளங்கலைப் பாடத்திட்டத்தின்படி ஒரு பருவம் முழுவதும் விடுதி ஒன்றில் நேரடிப் பயிற்சி பெற்றிருக்கிறார். இறுதியாண்டில் மாதிரி நேர்காணலுக்கு அமர்கிறார்.

"பயிற்சிக் காலத்தில் சமையலறையில் என்ன வேலை செய்தீர்கள்?"

"எல்லா வேலையும் செய்தேன், சார்."

"எல்லாம் என்றால்?"

"காய்கறி வெட்டுவது, சமைப்பது, செஃப் சொன்னதெல்லாம் செய்தேன்."

தேர்வாளர் குறிப்பேட்டில் எதையும் எழுதவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாணவி பொய் சொல்லவில்லை. ஆனால் சமையலறைக்குள்ளேயே நுழையாத ஒருவரும் இதே விடையைச் சொல்லியிருக்க முடியும்.

நேர்காணல் முடிந்தபின் ஆசிரியர் அவரிடம் ஒன்றே ஒன்றைச் சொல்கிறார்: "உன் பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து, ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொள். அந்த ஒரு நாளை மட்டும் சொல்." பத்து நாட்கள் கழித்து மீண்டும் அதே கேள்வி கேட்கப்படுகிறது.

"முதல் மாதம் குளிருணவுப் பிரிவில் இருந்தேன், சார். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். முதலில் குளிர்பதனப் பெட்டிகளின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். பிறகு காலை உணவு மேசைக்குப் பழம் வெட்டுவேன். முதல் வாரம் என் துண்டுகள் ஒரே அளவில் இல்லை. செஃப் இரண்டு முறை தட்டைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் வாரத்திலிருந்து திருப்பி அனுப்பவில்லை."

இவ்விடையில் தற்பெருமை இல்லை. மாணவியின் தவறு ஒன்றுகூட வெளிப்படையாக இருக்கிறது. இருந்தும் தேர்வாளர் அறிய விரும்பிய மூன்றுக்கும் இதில் விடை உண்டு: வேலை செய்திருக்கிறார், திருத்தியதும் கற்றிருக்கிறார், தட்டு திரும்பி வந்த பின்னும் நின்றிருக்கிறார். இரண்டு விடைகளுக்கும் இடையே அவருடைய சமையல் திறன் சிறிதும் மாறவில்லை. மாறியது, தான் செய்ததைத் தானே அறிந்துகொண்ட நிலை. மாதிரி நேர்காணலின் முழுப்பயன் இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

எவற்றைக் கேட்க வேண்டும்?

பயனுள்ள மாதிரி நேர்காணலில் நான்கு வகைக் கேள்விகள் இடம்பெற வேண்டும்.

முதல் வகை, மேலே கண்டது போன்ற அனுபவக் கேள்விகள். "ஒரு முறை சமையல் கெட்டுப்போனபோது என்ன செய்தீர்கள்?", "உடன் வேலை செய்தவரோடு கருத்து வேறுபாடு வந்ததுண்டா?" என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. நடந்தது என்ன, தாம் செய்தது என்ன, விளைந்தது என்ன என்று வரிசையாகச் சொல்ல மாணவர் பழக வேண்டும்.

இரண்டாம் வகை, தொழிலறிவும் தூய்மையும் பற்றியவை. சமைத்த உணவைச் சூடாக வைப்பதானால் 60 பாகை செல்சியஸுக்கு மேலும், குளிராக வைப்பதானால் 5 பாகைக்குக் கீழும் வைக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, பச்சை மீனுக்கு நீலப் பலகை, காய் கனிகளுக்குப் பச்சைப் பலகை என வெட்டுப் பலகைகள் நிறத்தால் பிரிக்கப்படுகின்றன. இவற்றை வெறும் பட்டியலாக ஒப்பிப்பது போதாது. "நீலப் பலகை கழுவப்படாமல் கிடக்கிறது, விருந்தினர் காத்திருக்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகை, கணக்கு. பல மாணவர் தடுமாறும் இடம் இது. வங்காளியர் விரும்பும் பெட்கி மீனை எடுத்துக்கொள்வோம். முழு மீன் கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலை, முள், தோல் நீக்கியபின் 450 கிராம் சதை கிடைக்கிறது என்றால், சதையின் உண்மை விலை கிலோவுக்கு ஏறத்தாழ 1,111 ரூபாய். ஒரு தட்டுக்கு 150 கிராம் எனில் மீனுக்கு மட்டும் 167 ரூபாய் ஆகிறது. எண்ணெய், ரொட்டித்தூள், மசாலா முதலியவற்றிற்கு 33 ரூபாய் சேர்த்தால் 200 ரூபாய். மூலப்பொருட்செலவு விற்பனை விலையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அந்த விடுதி விதித்திருந்தால், தட்டின் விலை சுமார் 667 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டும் மாணவரைத் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார். சமையலறையில் வீணாகும் ஒவ்வொரு துண்டும் பணம் என்பதை அவர் அறிந்திருக்கிறார் அல்லவா?

நான்காம் வகை, நகரையும் நிறுவனத்தையும் பற்றியவை. "எங்கள் விடுதிக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு, "புகழ்பெற்ற விடுதி என்பதால்" என்பது எந்த விடுதிக்கும் பொருந்தும் விடை. அந்த விடுதியின் உணவகங்கள் எவை, அங்கு எவ்வகை உணவு பரிமாறப்படுகிறது என்று அறிந்து செல்வது மரியாதை. 'வங்காள ரசகுல்லா' 2017 நவம்பரில் புவிசார் குறியீடு பெற்றதையும், 2019 இல் ஒடிசாவின் ரசகோலாவும் தனியே குறியீடு பெற்றதையும் அறிந்த தமிழ் மாணவர், தாம் பணியாற்ற வந்த மண்ணை மதிக்கிறார் என்று பொருள்.

பூஜைக் காலத்தில் விடுப்பு கிடைக்காது

கொல்கத்தா நேர்காணல்களுக்கு ஆயத்தம் செய்பவர் மறக்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "துர்கா பூஜை நாட்களில் வேலைக்கு வருவீர்களா?"

2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற திருவிழா அது. அந்நாட்களில் நகரம் முழுவதும் தெருவில் இருக்கும். நள்ளிரவு கடந்தும் உணவகங்களில் இடம் கிடைக்காது. ஊரார் விடுமுறையில் இருக்கும்போது உழைப்பதே சமையலறைத் தொழிலின் இயல்பு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழ்நாட்டு உணவகங்களிலும் இதே நிலைதான். மதியமும் இரவுமாகப் பிரித்த வேலைநேரம், பல மணி நேரம் நின்றபடி வேலை, நள்ளிரவில் வீடு திரும்புதல் ஆகியவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

"வருவேன், சார்" என்று வேகமாகச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதத்தில் வேலையை விட்டு விலகுவோர் பலர். மாதிரி நேர்காணலில் இக்கேள்வியைக் கேட்டு, மாணவரை வீட்டாரோடு பேசிவிட்டு வரச் சொல்வது நல்லது. குறிப்பாக மகள்களின் இரவுப் பணி பற்றிப் பெற்றோர்க்குக் கவலை இருக்கும். திரும்பும்போது வண்டி வசதி உண்டா, தங்கும் இடம் உண்டா என்று தேர்வாளரிடம் கேட்பது தவறன்று. அதனைத் தயக்கமின்றியும் பணிவோடும் கேட்கும் முறையையும் மாதிரி நேர்காணலிலேயே பழகிக்கொள்ளலாம்.

மொழி ஒரு சுவராக வேண்டாம்

பெரிய விடுதிகளின் நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. கொல்கத்தாவின் சமையலறைக்குள்ளே வங்காளமும் இந்தியும் ஒலிக்கின்றன. தமிழ்வழியில் படித்துச் சென்ற மாணவர்க்கு இது இரட்டைச் சுமை. நாம் பரிந்துரைக்கும் முறை இது: முதல் மாதிரி நேர்காணலைத் தாய்மொழியிலேயே நடத்துங்கள். சொல்ல வேண்டிய பொருள் தெளிவான பின், அதே விடைகளைச் சிறுசிறு ஆங்கில வாக்கியங்களில் சொல்லப் பழக்குங்கள். பொருள் தெளிவாக இருந்தால் சொல் வந்து சேரும். பொருளே இல்லாமல் மனப்பாடம் செய்த ஆங்கிலம், எதிர்பாராத துணைக்கேள்வி ஒன்றில் உடைந்துபோகும்.

தெரியாத கேள்விக்கு விடை கூறுவதும் ஒரு பயிற்சியே. "தெரியாது, சார்" என்று நிறுத்திக்கொள்வதை விட, "இதுவரை செய்ததில்லை, இதனோடு ஒத்த ஒன்றைச் செய்திருக்கிறேன், அதை வைத்து இவ்வாறு முயல்வேன்" என்பது நல்லது. தெரிந்ததாக நடிப்பது இரண்டையும் விடக் கெடுதலானது. எதிரே இருப்பவர் பல ஆண்டுகள் அடுப்பின் முன் நின்றவர். அடுத்த கேள்வியிலேயே கண்டுகொள்வார்.

நடத்தும் முறை

மாதிரி நேர்காணல் நடத்தப் பெருஞ்செலவு இல்லை. ஓர் அறை, ஒரு மேசை, மூன்று தேர்வாளர் போதும். அம்மூவருள் ஒருவர் இன்று சமையலறையில் பணியாற்றும் செஃப். முன்னாள் மாணவராக இருந்தால் மகிழ்ச்சியோடு வருவார். இன்னொருவர் விடுதியில் ஆளெடுக்கும் பிரிவைச் சேர்ந்தவர். மூன்றாமவர், அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர். நாள்தோறும் காணும் முகத்தின் முன் மாணவர்க்குப் பதற்றம் வருவதில்லை. பதற்றம் வராத ஒத்திகையால் பயனும் இல்லை.

எல்லா மாணவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்னமே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடுவது நல்லது. இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. பணித்தேர்வு முறைகள் பற்றி 85 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் 1998 இல் தொகுத்து ஆராய்ந்தனர். மனம்போன போக்கில் பேசும் நேர்காணலை விட, இவ்வாறு வரையறுக்கப்பட்ட நேர்காணலும் செய்முறைத் தேர்வும் ஒருவரின் பிற்காலப் பணித்திறனை நன்கு கணிக்கின்றன என்று அவர்கள் கண்டனர். 2022 இல் வெளிவந்த மறு ஆய்வு முந்தைய அளவுகள் சிலவற்றைத் திருத்தியபோதும், வரையறுக்கப்பட்ட நேர்காணலை முன்வரிசையிலேயே வைத்தது.

செய்முறைத் தேர்வையும் ஒத்திகையில் சேர்க்க வேண்டும். முக்கால் மணி நேரமும் ஒரு கூடைக் காய்கறியும் நான்கு முட்டையும் கொடுத்தால் போதும். தேர்வாளர் தட்டை மட்டும் பார்ப்பதில்லை. தொடங்கும் முன் கை கழுவினாரா, கத்தியை எவ்வாறு வைத்தார், சமைத்தபடியே மேடையைத் துடைத்தாரா, உப்பைச் சுவைத்துப் பார்த்தாரா, தோலையும் காம்பையும் எவ்வளவு வீணாக்கினார் என்று அனைத்தையும் பார்க்கிறார். முடிந்தபின் மேடை இருக்கும் நிலையே பாதி விடையைச் சொல்லிவிடும்.

கருத்துரை கூறும்போது இரண்டு குறைகளுக்கு மேல் சொல்ல வேண்டாம். பன்னிரண்டு குறைகளைக் கேட்ட மாணவர் ஒன்றையும் திருத்த மாட்டார், மனமுடைந்து போவார். கைப்பேசியில் பதிவு செய்த காட்சியை அவருக்கே போட்டுக் காட்டினால், கையைப் பிசைவதையும் தரையைப் பார்த்துப் பேசுவதையும் அவரே கண்டுகொள்வார். அந்தப் பதிவு அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து இரண்டாம் சுற்றை நடத்த வேண்டும். முதற்சுற்று நோயைக் காட்டும். இரண்டாம் சுற்றில்தான் மருந்து வேலை செய்ததா என்பது தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சில இடங்களில் மாதிரி நேர்காணல் என்ற பெயரில் ஆயத்த விடைகளை மனப்பாடம் செய்யக் கொடுக்கிறார்கள். "உங்கள் குறை என்ன?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும், "அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை" என்கிறது. ஒரே நாளில் நாற்பது பேரைக் காணும் தேர்வாளர்க்கு இவ்விடை எத்தகைய சலிப்பைத் தரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கற்காத கலையை மாதிரி நேர்காணல் கற்றுத் தராது. கற்றதை மறைக்காமல் வெளிக்கொணர மட்டுமே அது உதவும்.

கல்லூரி வாயிலைக் காணாதவர்க்கு

மூன்றாண்டுப் பட்டம் பயில்வோர்க்கு வேலைவாய்ப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. குறுகிய காலப் பயிற்சி பெறுவோர்க்கு அது பெரும்பாலும் இல்லை. சுற்றுலா அமைச்சகம் 2009 இல் தொடங்கிய 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' திட்டத்தில், எட்டாம் வகுப்பு முடித்த இளைஞர்க்குச் சில வாரங்களில் சமையலும் பரிமாறலும் கற்பிக்கப்பட்டன. இத்தகைய பயிற்சியை முடித்து வருவோர்க்கே ஒத்திகை மிகுதியாகத் தேவை, கிடைப்பதோ குறைவு.

நம் வாடிக்கையாளர் பலர் உணவகம் நடத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், அருகிலுள்ள பயிற்சி நிலையத்திற்குச் சென்று தேர்வாளராக அமர அவர்களால் இயலும். மாணவர்க்கு அது ஒத்திகை. உணவக உரிமையாளர்க்கோ நல்ல பணியாளர்களை முன்கூட்டியே அடையாளம் காணும் வாய்ப்பு. வீட்டிலும் செய்யலாம். தந்தையோ அத்தையோ மேசைக்கு எதிரே அமர்ந்து, "நேற்று வகுப்பில் என்ன சமைத்தாய்? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்டாலே போதும். சமையற்கலை அறியாதவர்க்கு விளங்கச் சொல்பவர், அறிந்தவர்க்கும் விளங்கச் சொல்வார்.

கேள்வி கேட்கும் உரிமை மாணவர்க்கும் உண்டு என்பதையும் ஒத்திகையிலேயே சொல்லித் தர வேண்டும். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் என்ன, பயிற்சிக் காலம் எத்தனை மாதம், பணி ஆணை எழுத்தில் தரப்படுமா என்று கேட்கலாம். வெளிநாட்டு வேலையெனில், ஆளெடுக்கும் முகவர் 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்க வேண்டும். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு வாங்கலாகாது. காணொளி நேர்காணல் முடிந்த மறுநிமிடமே "வைப்புத் தொகை அனுப்புங்கள்" என்று எவரேனும் கேட்டால் அனுப்ப வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு, கிளைக்கும் தெரிவியுங்கள்.

கடன் கணக்கும் காலக் கணக்கும்

இனி, நாம் தொடங்கிய இடத்திற்கு வருவோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை. தகுதியுள்ள கடன்களுக்கு, கடன் உறுதி நிதியின் துணையோடு 7.5 இலட்சம் வரையிலும் ஈடின்றி வழங்கப்படுகிறது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பட்டப்படிப்பு அல்லாத தொழிற்பயிற்சிக்குத் திறன் வளர்ப்புக் கடன் தனியே உண்டு. அதன் உச்சவரம்பு 2024 இல் 7.5 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

அந்த ஓராண்டு இடைவெளியின் மதிப்பை ஒரு கணக்கால் விளக்குவோம். மூன்றாண்டுப் படிப்புக்கு 4 இலட்சம் ரூபாய், ஆண்டின் தொடக்கம் தோறும் சம தவணைகளாக வழங்கப்படுகிறது, வட்டி 9.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் தனிவட்டியாகச் சேர்ந்திருப்பது 1,14,000 ரூபாய். ஆகக் கடன் 5,14,000 ரூபாய். பத்தாண்டில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 6,650 ரூபாய். படிக்கும் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்திருந்தால் தவணை சுமார் 5,180 ரூபாயாக இருக்கும். இயன்றவர் வட்டியைக் கட்டிவருவது நன்று. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்திற்கு உட்பட்டோர் வட்டி மானியத்திற்குத் தகுதி உண்டா என்பதைக் கிளையில் கேட்டறியலாம்.

படிப்பு முடிந்த ஓராண்டுக்குப் பின், வேலை கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கும். தவறினால் மாணவரின் கடன் வரலாற்றில் அது பதிவாகும். பின்னாளில் சொந்தமாக உணவகம் தொடங்க முத்ரா கடன் கேட்டு வரும்போதும் அப்பதிவு பார்க்கப்படும். வேலை கிடைக்கத் தாமதமானால் ஒளிந்துகொள்ளாமல் கிளைக்கு வந்து சொல்லுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே வருவோர்க்கு வழிகள் கூடுதலாக இருக்கும்.

ஆகவே முதல் நேர்காணலுக்கு இறுதிப் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விடுதிப் பயிற்சி முடிந்து திரும்பிய வாரத்திலேயே முதல் ஒத்திகையை நடத்திவிடலாம். நினைவு பசுமையாக இருக்கும். குறைகளைத் திருத்த ஓராண்டுக்கு மேல் காலமும் இருக்கும். பயிற்சிக் குறிப்பேட்டை அன்றன்று எழுதிவருவதே அதற்குரிய முதலீடு.

"வேலை கிடைத்துவிடுமா, சார்?" என்று கேட்கும் பெற்றோர்க்கு இப்போதும் நம்மால் உறுதி கூற முடியாது. ஆனால் அவர்களிடம் திருப்பிக் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு: உங்கள் மகன் அல்லது மகள், தாம் செய்த ஒரு நாள் வேலையைப் பத்து வாக்கியங்களில் சொல்வாரா? இன்று இரவு உணவு முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் கவலை வேண்டாம். வீட்டில் தடுமாறுவதற்கு வட்டி கிடையாது.